மாட்டுக்கறி ஸ்டூ: கறிக்கு ஒரு நேரம், கிழங்குக்கு ஒரு நேரம்

ஸ்டூ என்றால் கறியையும் காயையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டு இறக்குவதுதான் என்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் கேரட் கூழாகிவிடும், உருளைக்கிழங்கு இருந்த இடமே தெரியாது, கறி மட்டும் இன்னும் பல்லில் இழுக்கும். மாட்டுக்கறி திறந்த சட்டியில் பதமாக வேக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேரட்டுக்கு முக்கால் மணி போதும். மரவள்ளிக்கு வேறு கணக்கு. ஒவ்வொன்றையும் அதன் நேரத்தில் போட்டால் மசாலா அதிகம் இல்லாமலே இந்தக் குழம்பு அருமையாக வரும்.

நான் இருப்பது ஏற்காட்டில். என் மாமனார் இங்கே ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். இந்த ஸ்டூவை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். வெள்ளைக்காரர்கள் மலையில் குடியேறிய காலத்தில் பங்களா அடுப்படிகளில் புகுந்த சமையல் இது. கேரட், டர்னிப், நூக்கல் எல்லாவற்றையும் அவர் கடைசிவரை ‘இங்கிலீஷ் காய்’ என்றுதான் சொல்வார். ஆனால் மரவள்ளிக்கிழங்கையும் சின்ன வெங்காயத்தையும் நம் மிளகையும் அந்தச் சட்டிக்குள் கொண்டுவந்தவர்கள் அவரைப் போன்ற நம் ஊர்ச் சமையல்காரர்கள்தான். அதனால் இதை இந்த ஊர்ச் சமையல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கேரளத்து ஸ்டூவில் தேங்காய்ப்பால் வரும், அது வேறு ருசி. இதில் தேங்காய் கிடையாது, மிளகாய்த்தூளும் கிடையாது.

கறி வாங்குவது

பாதி வேலை கறிக்கடையிலேயே முடிந்துவிடும். எலும்பில்லாமல், கொழுப்பில்லாமல், ஜவ்வில்லாமல் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வறுவலுக்கு அது சரி. ஸ்டூவுக்கு அந்தக் கறி ஆகாது. தொடையின் நல்ல சதைப்பகுதியை மணிக்கணக்கில் வேகவைத்தால் நார் நாராகப் பிரிந்து, குழம்புக்குள் கிடந்தும் வாயில் வறட்டென்று இருக்கும். மாடு நடந்து நடந்து உழைத்த பகுதிகள்தான் இதற்கு வேண்டும்: முன்னங்கால் சப்பை, நெஞ்சுக்கறி, காலுக்கு மேலே இருக்கிற சதை. இவற்றில் ஜவ்வு அதிகம். ஜவ்வில் இருப்பது கொலாஜன் என்கிற புரதம். ஈரச்சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் அது மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்பு உதட்டில் லேசாக ஒட்டுகிற மாதிரி வருகிறதே, அது இதனால்தான். மைதா கரைத்து ஊற்றினால் கெட்டி வரும், அந்த வழவழப்பு வராது.

நான் கடையில் கேட்பது இப்படித்தான்.

“பாய், ஸ்டூவுக்கு வேணும். சப்பையில ஜவ்வோட ஒரு கிலோ, நல்லி எலும்பு அரைக் கிலோ. துண்டு பெருசா போடுங்க.”

“இவ்ளோ பெருசா போட்டா வேகாதுங்க அக்கா.”

“வேகும் பாய், நேரம் இருக்கு.”

துண்டு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருக்கட்டும். வேகும்போது கறி நீர் விட்டுச் சுருங்கும், எடையில் கால் பங்குக்கு மேல் குறையும். குழம்புக்கு வெட்டுவது போலச் சின்னதாக வெட்டினால் கடைசியில் சுண்டல் அளவுக்கு வந்துவிடும். கிடைப்பது எருமைக்கறியாக இருந்தால் கொழுப்பு வெள்ளையாகவும் சதை கருஞ்சிவப்பாகவும் இருக்கும். அதுவும் ஸ்டூவுக்கு நன்றாகவே வரும். பொதுவாக நம் ஊரில் கிடைக்கும் கறி வயதான மாட்டுடையதுதான். அதனால் வெளிநாட்டுக் குறிப்புகளில் போட்டிருக்கிற நேரத்தை நம்பி அடுப்பை அணைக்க வேண்டாம். ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கறியைக் கழுவுகிற வழக்கம் உள்ளவர்கள் கழுவி, வடிதட்டில் நன்றாக வடியவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு இரண்டு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் இடித்த மிளகும் பிசறி, மூடாமல் ஒரு தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். முந்தின நாள் இரவே இதைச் செய்வது நல்லது. உப்பு உள்ளே இறங்கும், மேல்பக்கம் காயும். மேல்பக்கம் காய்வது ஏன் முக்கியம் என்பது வதக்கும்போது தெரியும்.

கிழங்குகள்

இந்தச் சட்டிக்குள் எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் மரவள்ளிக்கிழங்கு. சேலத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள், லாரி லாரியாகக் கிழங்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆலைக்கென்று பயிராகிற ரகம் வேறு, வேகவைத்துத் தின்கிற ரகம் வேறு. ஆலைக் கிழங்கில் கசப்பும், அந்தக் கசப்போடு வரும் நச்சும் அதிகம். சமையலுக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உழவர் சந்தையில் விற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார். கிழங்கை உடைத்துப் பார்க்கும்போது உள்ளே பால் வெள்ளையாக இருக்க வேண்டும். நீல நிறத்தில் கோடு ஓடியிருந்தால் பழைய கிழங்கு, வேண்டாம்.

வாங்கிய கிழங்கின் மேல்தோலையும் அதற்கு அடியில் உள்ள தடித்த இளஞ்சிவப்புத் தோலையும் சேர்த்து உரித்துவிட்டு, துண்டு போட்டு, தண்ணீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். பிறகு நிறையத் தண்ணீரில், மூடி போடாமல், தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். நேராக ஸ்டூவுக்குள் பச்சையாகப் போடக் கூடாது. வெந்த பிறகும் வாயில் வைத்தால் கசக்கிற கிழங்கை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். நடுவில் இருக்கிற நரம்பை வெந்ததும் உருவி எடுத்துவிடலாம்.

கேரட் தடியான ஊட்டிக் கேரட்டாக இருந்தால் நல்லது. உருளைக்கிழங்கில் மாவு உருளை, மெழுகு உருளை என்று இரண்டு விதம் உண்டு. வெந்ததும் பொலபொலவென்று உதிர்கிறது மாவு உருளை. ஸ்டூவில் துண்டு துண்டாக நிற்க வேண்டும் என்றால் உதிராத உருளை வேண்டும். கடையில் தெரியாது, வீட்டில் ஒன்றை வேகவைத்துப் பார்த்தால் தெரியும். டர்னிப் சேலத்தில் எல்லா நாளும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் நூக்கல் போடலாம். நூக்கல் வேர் கிடையாது, தண்டுதான், ஆனாலும் சட்டிக்குள் அதே வேலையைச் செய்யும். வெள்ளை முள்ளங்கி பிடித்தவர்கள் ஒன்று போடலாம். எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கிவிட்டுப் போட்டால் அதன் வாடை குறையும்.

பீட்ரூட் வேண்டாம், சட்டி முழுவதும் சிவந்துவிடும். சேப்பங்கிழங்கு வேண்டாம், குழம்பு கொழகொழவென்று ஆகும். சேனை எனக்குப் பிடிக்கும், ஆனால் புளி சேராமல் வேகவைத்தால் சில சமயம் நாக்கு அரிக்கும், இந்தக் குழம்பில் புளிக்கு இடமில்லை. சர்க்கரைவள்ளி விருப்பம்போல. குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் ஒன்று போடுங்கள்.

ஆறு பேருக்கு என்று கணக்கு வைத்தால் கறி ஒரு கிலோ, நல்லி எலும்பு அரைக் கிலோ, கேரட் 300 கிராம், உருளை 400 கிராம், மரவள்ளி 300 கிராம், டர்னிப் அல்லது நூக்கல் இரண்டு. சின்ன வெங்காயம் கால் கிலோ, அதில் பாதியை நறுக்கியும் பாதியை முழுசாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுப் பூண்டு, ஓர் அங்குலம் இஞ்சி, பழுத்த தக்காளி ஒன்று. வாசனைக்கு இரண்டு அங்குலப் பட்டை, நான்கு கிராம்பு, பிரிஞ்சி இலை இரண்டு, முழு மிளகு ஒரு டீஸ்பூன். வதக்கக் கடலெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. கடைசியில் போட இன்னும் கொஞ்சம் மிளகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சில சொட்டு எலுமிச்சை. இவ்வளவுதான். பட்டை கிராம்பை சேலத்தில் லீ பஜாரில் வாங்கினால் புதிதாகக் கிடைக்கும். மிளகு மட்டும் நான் மலையில் வாங்குவேன். இங்கே காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பறித்து வெயிலில் காயவைத்த அந்த மிளகை அன்றன்றைக்கு இடித்துப் போட்டுப் பாருங்கள். பாக்கெட் மிளகுத்தூளில் காரம் இருக்கும், வாசனை இருக்காது.

வதக்குவது

அடி கனமான சட்டி எடுங்கள். சேலத்து வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் மெல்லிய எவர்சில்வரில் சூடு ஒரே இடத்தில் தங்கி அடிபிடிக்கும். இரும்புச் சட்டியோ, அடி தடித்த குக்கரோ போதும். இரும்புச் சட்டியாக இருந்தால் வதக்குவதை மட்டும் அதில் செய்துவிட்டு, வேகவைப்பதைக் குக்கரிலோ மண்சட்டியிலோ வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி சேர்ந்து நெடுநேரம் கொதித்தால் குழம்பில் இரும்பு வாடை ஏறும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கறியை ஐந்தாறு துண்டாகப் போடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டக் கூடாது. கொட்டினால் கறி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வேக ஆரம்பித்துச் சாம்பல் நிறமாகிவிடும். ஈரம் இருக்கும்வரை சட்டியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. பொன்முறுவலான நிறமும் அந்த வறுத்த வாசனையும் 140 டிகிரிக்கு மேலேதான் வரும். நேற்றிரவே கறியின் மேல்பக்கத்தைக் காயவைத்தது இதற்காகத்தான். போட்ட துண்டை உடனே கிளறாதீர்கள். மூன்று நிமிடம் அப்படியே விட்டால் தானாகச் சட்டியை விட்டுப் பிரியும், அப்போது திருப்புங்கள். எல்லாத் துண்டையும் இப்படிப் பொறுமையாகச் சிவக்க வைத்துத் தட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போகும். இந்த அரை மணி நேரத்தைச் சுருக்கினால் குழம்பின் நிறமும் ருசியும் அவ்வளவும் குறைந்துவிடும். கடைசியாக நல்லி எலும்பையும் ஒரு சுற்றுப் புரட்டி எடுங்கள்.

இப்போது சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டிய அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்பாகி, கருகல் வாசனை வந்தால் மட்டும் துடைத்துவிட வேண்டும். பழுப்பாக இருக்கும்வரை அது முழுக்க ருசி. அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, முழு மிளகு போட்டு, நறுக்கிய சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி, பூண்டில் பாதி சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் விடுகிற நீரில் அந்தப் பழுப்பு இளகும். மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எல்லாவற்றையும் மேலே கொண்டுவாருங்கள். வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்ததும் தக்காளியைப் போட்டுக் கரையும்வரை வதக்குங்கள். தக்காளி ஒன்றுக்கு மேல் வேண்டாம். புளிப்பு ஏறினால் கிழங்குகள் வேகத் தாமதமாகும், வெந்தாலும் ஓரம் கடினமாக நிற்கும்.

இந்த இடத்தில் என் மாமனார் செய்கிற ஒரு காரியத்தை நானும் தவறாமல் செய்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி கெட்டி டிகாக்‌ஷன் ஊற்றுவேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கப்புறம் இந்த மலையில் எந்த அடுப்படியிலும் டிகாக்‌ஷனுக்குக் குறைவில்லை. சிக்கரி கலக்காத காப்பியாக இருக்க வேண்டும், சிக்கரி இருந்தால் கசக்கும். சாப்பிடுகிறவர்களுக்குக் காப்பி என்றே தெரியாது. கறியின் ருசி அடர்ந்து வரும், குழம்பின் நிறமும் கருமையாக வரும். காப்பி வேண்டாம் என்கிறவர்கள் விட்டுவிடலாம், ஸ்டூ கெட்டுப்போகாது.

வேகவைப்பது: மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம்

கறியையும் எலும்பையும், தட்டில் தேங்கிய சாற்றையும் சட்டிக்குள் போட்டு, ஒன்றேகால் லிட்டர் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கறி மூழ்கியும் மூழ்காமலும் இருந்தால் போதும். தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற வீடுகளில் கவலையில்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதில் கிழங்கும் பயறும் லேசில் வேகாது.

என் மகள் சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். ஒரே கறி, ஒரே அளவு, ஒரே மாதிரிச் சட்டி வைத்துச் செய்தாலும் அவள் வீட்டில் முன்னால் வெந்துவிடும், இங்கே பின்னால்தான் வேகும். காரணம் உயரம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கிற சூடும் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அதனால் மலையில் சமைக்கிறவர்கள் தீயைக் கூட்டுவதை விட்டு நேரத்தைக் கூட்ட வேண்டும்.

திறந்த சட்டியில் செய்வதென்றால் முதல் கொதியில் வருகிற நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு மூடுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. அங்கங்கே ஒரு குமிழி வந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். சேலத்தில் இரண்டரை மணி நேரம், மலையில் மூன்று மணி அல்லது அதற்கு மேலும். இடையில் தண்ணீர் குறைந்தால் சுடுதண்ணீர் மட்டும் சேர்க்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு நேரம் ஏது? சரி, குக்கர் இருக்கிறது. நானே பல நாள் குக்கரில்தான் செய்கிறேன். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் சூடு 120 டிகிரிக்குப் பக்கத்தில் போகும், மலை, சமவெளி வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. குக்கரில் தண்ணீர் அவ்வளவாக வற்றாது, அதனால் முக்கால் லிட்டர் போதும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம், மலையில் முப்பது நிமிடம். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி விசில் அடிக்கும். அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பீய்ச்சி விட்டால் உள்ளே குழம்பு குமுறிக் கொதித்து, கறி ஓரம் பிய்ந்து நாராகும்.

எப்படிச் செய்தாலும், காய் போடுவதற்கு முன் கறி முக்கால் பதம் தாண்டியிருக்க வேண்டும். ஒரு துண்டைக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆனால் உடையக் கூடாது. ரப்பர் போலத் திருப்பித் தள்ளினால் இன்னும் நேரம் வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து காயைப் போட்டுவிட்டால் அப்புறம் கறிக்காகக் காத்திருந்து காயைக் குழைய வைக்க வேண்டிவரும்.

கறி பதத்துக்கு வந்ததும் குக்கர் மூடியைத் தூக்கி வைத்துவிடுங்கள். இனிமேல் எல்லாம் திறந்த வேலைதான். மேலே மிதக்கிற கொழுப்பில் பாதியை வழித்து எடுங்கள். முதலில் கேரட்டும் முள்ளங்கியும் போகட்டும். ஒன்றரை அங்குலத் துண்டாக, குறுக்கே சாய்த்து வெட்டினது. பத்து நிமிடம் கழித்து உருளை, டர்னிப் அல்லது நூக்கல், முழுச் சின்ன வெங்காயம், மீதிப் பூண்டு. உருளையைப் பெரிதாக, ஒன்றை நாலாக வெட்டினால் போதும். உப்பைச் சரிபாருங்கள், கறியில் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் கொஞ்சமாகவே தேவைப்படும். இதிலிருந்து சேலத்தில் இருபது இருபத்தைந்து நிமிடம், மலையில் முப்பத்தைந்து நிமிடம். சர்க்கரைவள்ளி போடுவதாக இருந்தால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் போடுங்கள். தனியாக வேகவைத்த மரவள்ளியும் அப்போதுதான் உள்ளே போகும்.

மரவள்ளியில் நாலைந்து துண்டைக் கரண்டியால் மசித்துக் குழம்பில் கலந்துவிடுங்கள். அதன் மாவு கரைந்து குழம்பு கெட்டிப்படும். கிழங்கு கிடைக்காத மாதங்களில் இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துக் கேரட்டோடு சேர்த்துப் போட்டால் அதே வேலை நடக்கும். அதுவும் அந்தக் கிழங்கின் மாவுதானே. ஜவ்வரிசி போட்டால் அடியில் ஒட்டாமல் அடிக்கடி கிளறிவிட வேண்டும்.

அடுப்பை அணைத்த பிறகு ஒரு டீஸ்பூன் மிளகைக் கொரகொரவென்று இடித்துத் தூவி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, எலுமிச்சை நாலு சொட்டுப் பிழிந்து மூடிவிடுங்கள். கொதிக்கும்போது போட்ட மிளகின் வாசனை ஆவியோடு போய்விடும், காரம் மட்டும் நிற்கும். அதனால்தான் மிளகை இரண்டு முறை போடுகிறோம். பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டால் குழம்பு அடங்கிக் கெட்டியாகும்.

சாப்பிடுவதும் மீதி வைப்பதும்

பேக்கரியில் வாங்கின கட் பண்ணாத பிரெட்டைத் தடியாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டுச் சுட்டு, இதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ஆப்பமும் இடியாப்பமும் நன்றாகச் சேரும். எங்கள் வீட்டில் மார்கழிக் குளிரில் சாமைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவோம். சாமை உதிரி உதிரியாக இருப்பதால் குழம்பை இழுத்துக்கொள்ளும், அரிசிச் சோற்றைவிட எனக்கு இதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. சப்பாத்திக்கு இது அவ்வளவு சேராது. நல்லி எலும்பைத் தட்டி உள்ளே இருக்கிற மஜ்ஜையை எடுத்து, உப்பும் மிளகும் தூவி, சுட்ட பிரெட்டில் தடவி வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுங்கள்.

மறுநாள் இது இன்னும் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலைக் குளிரை நம்பி இரவு முழுவதும் அடுப்பு மேலேயே விட்டுவிடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். பெரிய சட்டியில் கெட்டியான கறிக்குழம்பு மெதுவாக ஆறும்போது நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். கொதித்த பிறகும் சாகாமல் கிடக்கிற கிருமிகளின் விதைகள் அந்த வெதுவெதுப்பில்தான் முளைத்துப் பெருகும். வயிற்றைக் கெடுக்கிறது அதுதான். அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் எடுக்கும்போது குழம்பு கட்டியாக உறைந்து நிற்கும். கெட்டுப்போனதென்று பயப்பட வேண்டாம், ஜவ்வு நன்றாகக் கரைந்திருக்கிறது என்று பொருள். மேலே படிந்த கொழுப்பை ஏடாக எடுத்துவிட்டு, வேண்டிய அளவை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றி, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து, நடுவரை நன்றாகக் கொதிக்கும்படி சூடாக்குங்கள். மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

எடுத்து வைத்த கொழுப்பையும் வீணாக்க வேண்டாம். அடுத்த நாள் உருளைக்கிழங்கு வறுவலுக்கு அதில் ஒரு கரண்டி விட்டால் போதும். நல்லி எலும்பை மறுபடியும் குக்கரில் போட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு அரை மணி நேரம் வைத்தால், சளி பிடித்தவர்களுக்கு ஒரு டம்ளர் எலும்புச் சாறு கிடைக்கும்.